லொரெட்டா லின்னின் ஊர்களில்: கென்டக்கி, டென்னசி பயணக் குறிப்புகள்

2023 அக்டோபர் 10, செவ்வாய். கொலம்பஸ் – பெயின்ட்ஸ்வில்

மதினி ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை பார்க்கிறார். அங்கே இருக்கும் பாட்டிமாரில் நிறையப் பேர் கென்டக்கி மலைப்பக்கம் பிறந்தவர்கள். நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை குறையக் குறைய, 23-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே ஒஹையோ, மிச்சிகன் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். சாப்பாட்டு ஹாலில் பாட்டுப் போடச் சொன்னால் அவர்கள் முதலில் கேட்பது, கன்ட்ரி என்று சொல்லப்படும் அமெரிக்கக் கிராமிய இசையின் பாடகி லொரெட்டா லின்னைத்தான். பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன ஒரு பாட்டி, அவர் பாட்டு வந்தால் மட்டும் வரி விடாமல் கூடவே பாடுவாராம். கேட்டுக் கேட்டு மதினிக்குப் பிடித்துப்போய், அவர் அனுப்பி அனுப்பி எனக்கும் பிடித்துவிட்டது.

போன வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி லொரெட்டா தன் 90-ஆவது வயதில் காலமானார். அவர் பிறந்த இடத்தையும் வாழ்ந்த இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மதினி அன்றைக்கே சொன்னார். நான் தூத்துக்குடியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கும் இந்த லீவில்தான் அதற்கு வழி பிறந்தது. பிள்ளைகளை அண்ணன் பொறுப்பில் விட்டுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம்.

போர்ட்ஸ்மவுத் என்ற ஊரில் ஒஹையோ ஆற்றைத் தாண்டினால் கென்டக்கி. அங்கிருந்து தெற்கே போகப் போக சாலை மலையை வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். சில இடங்களில் பழுப்புப் பாறைக்கு நடுவே கையகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. "அதுதான் நிலக்கரி. இந்த ஊரு ஜனங்க பொழச்சதும் அதுலதான், செத்ததும் அதுலதான்" என்றார் மதினி. இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருக்கின்றன. மேலே சிவப்பு, கீழே இன்னும் பச்சை.

கென்டக்கிக்குள் இந்தச் சாலைக்கு அதிகாரபூர்வமான பெயரே கன்ட்ரி மியூசிக் நெடுஞ்சாலை. வழி நெடுக ஒவ்வொரு மாவட்டமும் தன் பாடகர்களைப் போர்டு வைத்துக் கொண்டாடுகிறது. ரிக்கி ஸ்காக்ஸ், ஜட் குடும்பத்துத் தாயும் மகளும், டுவைட் யோகம், பாட்டி லவ்லெஸ். ஜான்சன் மாவட்டத்துக்கு லொரெட்டாவும் அவர் தங்கை கிரிஸ்டல் கேலும். இவ்வளவு குறுகின மலைப்பகுதியிலிருந்து இத்தனை குரல்கள் கிளம்பியிருப்பது சாதாரண விஷயமே இல்லை. கோயில் பாட்டும் வீட்டுத் திண்ணைப் பாட்டும்தான் இங்கே பல தலைமுறைக்குப் பொழுதுபோக்கு.

ராத்திரி சாப்பாடு பெயின்ட்ஸ்வில்லில் ஒரு சின்ன உணவகத்தில். பன்றிக்கொழுப்பு போட்டு மணிக்கணக்கில் வேகவைத்த பின்டோ பயறு, மேலே பொடியாக நறுக்கின பச்சை வெங்காயம், பக்கத்தில் இரும்புச் சட்டியில் சுட்ட சோள ரொட்டி. 8 டாலர். ரொட்டியைப் பயற்றுச் சாற்றில் பிசைந்து சாப்பிட வேண்டும் என்று பரிமாறிய பெண் வந்து காட்டிக் கொடுத்தார். நாங்கள் லொரெட்டாவுக்காக வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும், கேட்காமலே இன்னும் இரண்டு துண்டு ரொட்டி வந்தது. அதற்குக் காசு வாங்கவில்லை.

தங்கிய விடுதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வெளியே 5 டிகிரி. வரவேற்பில் சொன்னதற்கு இரண்டு கம்பளி கொடுத்தார்கள், ஆள் யாரும் வரவில்லை. ஸ்வெட்டரோடு படுத்தோம்.

அக்டோபர் 11, புதன். புட்சர் ஹாலோ

காலையில் மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும், மாவும் பாலும் சேர்த்த வெள்ளைக் குழம்பும். மிளகு தூக்கலாக இருந்தது, நன்றாக இறங்கியது. அப்புறம் வான் லியர். கன்சாலிடேஷன் நிலக்கரிக் கம்பெனி உருவாக்கிய ஊர் இது. கம்பெனி வீடு, கம்பெனிக் கடை, கம்பெனி டாக்டர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் கூலியைக் கம்பெனி டோக்கனாகவே கொடுத்து, அதைக் கம்பெனிக் கடையிலேயே செலவழிக்க வைத்தார்கள்.

ஊரைத் தாண்டி இரண்டு மலைக்கு நடுவே ஓடையை ஒட்டி உள்ளே போகும் ஒற்றைத் தடம்தான் புட்சர் ஹாலோ. எதிரே வண்டி வந்தால் ஒருவர் புல்லில் இறங்கித்தான் வழிவிட வேண்டும். இறங்கி வழிவிட்ட ஒவ்வொருவரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள். இரண்டாவது வண்டியிலேயே மதினியும் பழகிவிட்டார்.

வழியில் வெப் குடும்பத்தின் கடை. ஒரு காலத்தில் அதுவும் கம்பெனிக் கடைதான். லொரெட்டாவின் குடும்பத்தார்தான் இன்னும் நடத்துகிறார்கள், வீட்டைச் சுற்றிக் காட்டுவதும் அவர்களே. தலைக்கு 5 டாலர். கண்ணாடிப் பாட்டிலில் வரும் ஏல்-எய்ட் இஞ்சிச் சோடாவை வாங்கிக் குடித்துக்கொண்டே சுவரில் இருந்த போட்டோக்களைப் பார்த்தோம்.

வீடு மேட்டில் இருக்கிறது. மரப்பலகை வீடு, முன்னால் திண்ணை. உள்ளே நாலே அறை. 1932 ஏப்ரல் 14-இல் பிறந்த லொரெட்டா, எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா டெட் வெப் ராத்திரி ஷிப்டில் கரி வெட்டப் போவார், பகலில் கொஞ்ச நிலத்தில் சோளம் போடுவார். குளிர்காலத்தில் பலகை இடுக்கு வழியாகக் காற்று வராமல் இருக்க அம்மா கிளாரா பத்திரிகைத் தாள்களைச் சுவரில் ஒட்டுவாராம். அப்படிச் சுவரில் இருந்த லொரெட்டா யங் என்ற நடிகையின் படத்தைப் பார்த்துத்தான் மகளுக்கு அந்தப் பெயர். பத்துப் பேர் இந்த நாலு அறையில் எப்படிப் படுத்திருப்பார்கள் என்று மதினி வாசலிலிருந்து சுவர் வரை நடந்து அளந்து பார்த்தார்.

1970-இல் வந்த அவருடைய 'கோல் மைனர்ஸ் டாட்டர்' பாட்டில் இந்த வீடு முழுக்க இருக்கிறது. கிணறு, துணி துவைத்துத் துவைத்து ரத்தம் கசியும் அம்மாவின் விரல்கள், பன்றி விற்ற காசில் பிள்ளைகளுக்கு வாங்கும் செருப்பு. வறுமையை வைத்து அழவைக்கும் பாட்டு இல்லை அது. நாங்கள் இப்படித்தான் இருந்தோம், எங்களுக்குள் அன்பு இருந்தது என்று நிமிர்ந்து சொல்கிற பாட்டு. எழுதும்போது இன்னும் நீளமாக இருந்ததாம், தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதால் சில சரணங்களை வெட்டியிருக்கிறார். இந்தத் திண்ணையில் நிற்கும்போது, அந்த வெட்டுப்பட்ட சரணங்களில் இந்த வீட்டின் இன்னும் எந்தெந்த மூலை இருந்திருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

திரும்பும்போது பின்சக்கரத்தில் ஆணி. போனில் சிக்னல் இல்லை, தூறல் வேறு. கால்மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் டிரக் வந்து நின்றது. எழுபது வயது இருக்கும் ஒருவர், ஒன்றும் கேட்காமல் ஜாக்கியை எடுத்துவந்து ஸ்டெப்னியை மாட்டினார். மாட்டிக்கொண்டே, தன் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர், கரித்தூசி நெஞ்சில் அடைத்துத்தான் போனார் என்றார். லொரெட்டா பாட்டு ரேடியோவில் வந்தால் அவர் வீட்டில் யாரும் பேசக் கூடாதாம், அம்மா விடமாட்டாராம். மதினி 20 டாலரை நீட்டினார். "யாராச்சும் வழியில நின்னா நீங்க நிறுத்துங்க, அது போதும்" என்று சொல்லி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

அக்டோபர் 12, வியாழன். நாஷ்வில் போகும் வழி

நாள் முழுக்க மழை. டயரை ஒட்டிக்கொண்டு கிளம்பவே பத்து மணி ஆயிற்று. பேசிக்கொண்டே போனோம்.

லொரெட்டாவுக்குக் கல்யாணம் ஆனது 1948 ஜனவரியில். மாப்பிள்ளை ஆலிவர் லின், டூ என்று கூப்பிடுவார்கள். 13 வயதில் கல்யாணம் என்றுதான் லொரெட்டா காலமெல்லாம் சொல்லிவந்தார். 2012-இல் பழைய பதிவேடுகள் வெளியே வந்தபோது, அப்போது அவருக்கு 15 என்று தெரிந்தது. இதைப் பெரிய குட்டு உடைந்ததுபோல எழுதியவர்கள் உண்டு. "பதினஞ்சு மட்டும் பெரிய வயசா?" என்று மதினி கேட்டார். சரிதானே. புருஷனோடு அத்தனை தூரம் தள்ளி வாஷிங்டன் மாநிலத்துக் கஸ்டருக்குப் போய், இருபது வயதைத் தொடும்போது கையில் நாலு பிள்ளை.

அந்த டூதான் 1953-இல் 17 டாலருக்கு ஒரு ஹார்மனி கிட்டார் வாங்கிக் கொடுத்தவர். வீட்டில் பாடுவதைக் கேட்டு, நீ மேடையில் பாட வேண்டியவள் என்று பிடித்துத் தள்ளியவரும் அவர்தான். குடித்தவரும் அவர், வேறு பெண்களிடம் போனவரும் அவர். கை ஓங்கினால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தேன் என்று லொரெட்டா தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். இந்த இரண்டையும் அவர் மறைக்கவில்லை, ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்கவும் இல்லை. டூ 1996-இல் இறக்கும்வரை கூடவே இருந்தார்.

1960-இல் முதல் இசைத்தட்டு, 'ஐயம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்'. போட்டது ஜீரோ ரெக்கார்ட்ஸ் என்ற குட்டிக் கம்பெனி. விளம்பரத்துக்குக் காசு ஏது? புருஷனும் பெண்டாட்டியும் இசைத்தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ரேடியோ நிலையங்களுக்குப் போனார்கள். தூக்கம் காரில், சாப்பாடு ரொட்டிக்குள் வைத்த மலிவான இறைச்சித் துண்டு. பாட்டு பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடத்துக்குப் போனது. மழையில் வைப்பர் ஓட ஓட இதைப் பேசிக்கொண்டு போனதில், எங்களுக்கு ஒட்டின டயர் ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை.

கென்டக்கி நடுவில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அந்த ஒரு மணி நேரத்தை நாஷ்வில் சாயங்கால நெரிசல் தின்றுவிட்டது.

அக்டோபர் 13, வெள்ளி. நாஷ்வில்

நகர மையத்தில் கார் நிறுத்த 35 டாலர். செவ்வாய்க்கிழமை எங்கள் இரண்டு பேருடைய ராத்திரிச் சாப்பாடு 16 டாலர் என்று மதினி கணக்குச் சொன்னார்.

ரைமன் அரங்கம் 1892-இல் பிரார்த்தனைக் கூடமாகக் கட்டப்பட்டது. இன்றும் நாற்காலி கிடையாது, சர்ச்சில் இருப்பதுபோல நீளமான மர பெஞ்சுகள்தான். கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி 1943 முதல் 1974 வரை இங்கிருந்துதான் ஒலிபரப்பானது. லொரெட்டா அதில் முதலில் பாடியது 1960 அக்டோபரில். இரண்டே வருஷத்தில் உறுப்பினர். வெளியே அவருக்கு ஒரு வெண்கலச் சிலை, 2020-இல் வைத்தது. கிட்டாரோடு நிற்கிறார். காலடியில் யாரோ மஞ்சள் சாமந்தி வைத்திருந்தார்கள்.

கொஞ்சம் தள்ளி எர்னஸ்ட் டப் இசைத்தட்டுக் கடை. போன வருஷம் மூடிவிட்டார்கள், அதனால் வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1961-இல் பாடகி பாட்ஸி கிளைன் கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தக் கடையின் நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் லொரெட்டா பாட்ஸிக்காக ஒரு பாட்டுப் பாடினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைக் கேட்ட பாட்ஸி, அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஆள் அனுப்பினார். அங்கே ஆரம்பித்த சிநேகம். பாட்ஸி பெரிய நட்சத்திரம், இவரோ அப்போதுதான் ஊரிலிருந்து வந்தவர். உடுத்தத் துணி கொடுத்து, வீட்டுக்குத் திரைச்சீலை கொடுத்து, மேடையில் எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார் பாட்ஸி. 1963 மார்ச்சில் விமான விபத்தில் பாட்ஸி இறந்தார். அடுத்த வருஷம் லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண்கள் பிறந்தபோது ஒருத்திக்கு வைத்த பெயர் பாட்ஸி.

மதியம் நாஷ்வில்லின் கார வறுவல் கோழி. மிளகாய் எண்ணெய் சொட்டச் சொட்ட, கீழே வெள்ளை ரொட்டி, மேலே வெள்ளரி ஊறுகாய். ஒருவருக்கு 14 டாலர். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் ருசி நிற்கிறது.

ராத்திரி பிராட்வே தெரு. வரிசையாகப் பார்கள், ஒவ்வொன்றிலும் மேடை, உள்ளே போகக் கட்டணம் கிடையாது. பாடுகிறவர்களின் வருமானத்தில் பெரும்பங்கு மேடைக்கு முன்னால் இருக்கும் வாளியில் விழுகிற காசுதான். நாங்கள் நுழைந்த இடத்தில் இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். மதினி ஒரு சீட்டில் லொரெட்டாவின் 'யூ ஐன்ட் வுமன் இனஃப்' என்று எழுதி, 10 டாலரோடு சேர்த்து வாளியில் போட்டார்.

அந்தப் பாட்டு பிறந்த கதை பிரபலம். நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு பெண் மேடைக்குப் பின்னால் வந்து, தன் புருஷன் இன்னொருத்தியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான் என்று லொரெட்டாவிடம் அழுதாராம். லொரெட்டா திரைக்கு நடுவே எட்டிப்பார்த்துவிட்டு, அவளுக்கு உன்னிடமிருந்து ஆளைப் பறிக்கிற அளவுக்குத் திராணி இல்லை என்று சொன்னார். சொன்னதையே உடனே பாட்டாக்கினார். 1966-இல் வந்தது.

அந்தப் பெண் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார், முதல் வரியை எடுத்தார். அடுத்த வரியிலிருந்து அவர் பாட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மணப்பெண் தோழிகளாகத் தொப்பி போட்டு வந்திருந்த இளம் பெண்கள் கூட்டம், பார் கவுண்டரில் இருந்த நரைத்த தலைப் பெண்மணி, தட்டு எடுத்துப்போன ஊழியர் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அறுபது வருஷத்தை நெருங்கும் பாட்டு. அதற்கு முன்னால் கன்ட்ரி பாட்டில் ஏமாற்றப்பட்ட மனைவி பெரும்பாலும் அழுவாள், இல்லையென்றால் பொறுத்துக்கொள்வாள். லொரெட்டாவின் மனைவி எழுந்து நின்று வாசலை மறிக்கிறாள். அந்த ஒன்றுக்காகத்தான் பாட்டிகளும் பேத்திகளும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள் என்று எனக்கு அந்தச் சத்தத்தில் உறுதியாயிற்று.

அக்டோபர் 14, சனி. ஹரிகேன் மில்ஸ், வேவர்லி

நாஷ்வில்லுக்கு மேற்கே ஒன்றேகால் மணி நேரம். 1966-இல் லொரெட்டாவும் டூவும் வாங்கிய பண்ணை. வெள்ளைத் தூண் வைத்த பெரிய பழைய மாளிகை, ஓடை, புட்சர் ஹாலோ வீட்டின் மாதிரி ஒன்று, சுரங்கத்தின் மாதிரி ஒன்று, முகாம் போடும் இடம். 1982 முதல் ஒவ்வொரு கோடையிலும் மோட்டோகிராஸ் என்ற மண்தட மோட்டார் சைக்கிள் ஓட்டத்தின் தேசிய அமெச்சூர் பந்தயம் இங்கேதான் நடக்கிறது. அவரும் டூவும் அடக்கமாகியிருப்பதும் இங்கேதான்.

மியூசியத்தில் அதிக நேரம் நின்றது கவுன்களுக்கு முன்னால். தரை தொடும் நீளம், முழுக்கை, அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த ஓரம். மதினிக்குத் தையல் தெரியும். கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், மணியைக் கையால் கோத்துத் தைத்திருக்கிறார்கள், ஒரு கவுனுக்கு வாரக்கணக்கில் ஆகும் என்றார். ஆரம்ப காலத்தில் லொரெட்டா தன் மேடை உடைகளைத் தானே தைத்தவர். அந்த உடையில் ஒரு மகாராணி மாதிரி வந்து நின்றுதான் அவர் அந்தப் பாட்டுகளைப் பாடினார்: குடித்துவிட்டு வந்தால் பக்கத்தில் வராதே என்கிற பாட்டு, விவாகரத்தான பெண்ணை ஊர் பார்க்கும் பார்வையைப் பற்றிய பாட்டு.

அப்புறம் 'தி பில்'. வருஷத்துக்கு ஒரு பிள்ளை என்று வயிற்றைச் சுமந்து களைத்த ஒரு மனைவி, இப்போது என்னிடம் மாத்திரை இருக்கிறது என்று புருஷனிடம் சொல்லும் பாட்டு. 1972-இல் பதிவு செய்து, வெளியிடத் தயங்கி, 1975-இல்தான் விட்டார்கள். பல வானொலி நிலையங்கள் போட மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடம். கிராமங்களில் கருத்தடை மாத்திரையைப் பற்றி அரசு விளம்பரங்கள் செய்ததைவிட இந்தப் பாட்டு அதிகம் செய்தது என்று டாக்டர்கள் தன்னிடம் சொன்னதாக லொரெட்டா பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். ஆறு பிள்ளை பெற்றவர் பாடினதால்தான் அது ஏறியது. வேறு யார் பாடியிருந்தாலும் வெளியூர்க்காரி புத்தி சொல்கிறாள் என்று அந்தப் பெண்கள் தள்ளிவிட்டிருப்பார்கள்.

விருதுகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன. 1972-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதை வாங்கிய முதல் பெண் அவர். 2013-இல் அதிபரின் சுதந்திரப் பதக்கம். எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப் படுவது 2004-இல் அவர் செய்தது. எழுபதைத் தாண்டிய வயதில், தன் மகனைவிடச் சின்னவரான ராக் இசைக் கலைஞர் ஜாக் வைட்டோடு சேர்ந்து 'வான் லியர் ரோஸ்' என்ற ஆல்பத்தைப் போட்டார். இரண்டு கிராமி விருது. பழைய பாட்டைப் புதுச் சட்டியில் சூடு பண்ணவில்லை, முழுக்கப் புதுசாக எழுதினார்.

வெயில் சுள்ளென்று வந்தபிறகு பக்கத்து ஊரான வேவர்லிக்குச் சாப்பிடப் போனோம். ஒரு இறைச்சிக்கு மூன்று காய்கறி என்று தட்டு வைக்கும் கடை. வறுத்த கெளுத்தி மீன், வெண்டைக்காய் வறுவல், கீரை, பீன்ஸ், இனிப்புத் தேநீர். இரண்டு பேருக்கும் சேர்த்து 27 டாலர். ஊருக்குள் நிறைய மனைகள் காலியாகக் கிடந்தன. புல் மட்டும் வெட்டியிருக்கிறது, வீடு இல்லை. பரிமாறிய அம்மாளிடம் கேட்டோம்.

2021 ஆகஸ்ட் 21. ஒரே நாளில் 17 அங்குலத்துக்கு மேல் மழை. ஓடை பெருகி ஊருக்குள் புகுந்து 20 பேர் இறந்தார்கள். லொரெட்டாவின் பண்ணை மேற்பார்வையாளரும் அதில் ஒருவர். அந்த அம்மாள் மேஜை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று எதிர்ச் சுவரில் காட்டினார். என் தலைக்கு மேலே இருந்தது.

அப்போது லொரெட்டாவுக்கு 89 வயது. பக்கவாதம் வந்து, இடுப்பு எலும்பு முறிந்து, மேடையை விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் மூன்றே வாரத்தில், செப்டம்பர் 13-ஆம் தேதி, கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்கில் வெள்ள நிவாரணத்துக்கு ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார். கார்த் புரூக்ஸ், ரீபா மெக்கன்டயர் எல்லாரும் வந்து பாடினார்கள். "அவங்களுக்கு இங்க இருக்கற கடைக்காரங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாரையும் தெரியும்" என்றார் அந்த அம்மாள். கடைக்கு வந்தால் எந்த மேஜையில் உட்காருவார் என்று மதினி கேட்க, அதெல்லாம் கணக்கில்லை, காலியாக இருக்கிற மேஜையில் உட்காருவார் என்றார். பிறகு எங்கள் கோப்பைகளில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றிவிட்டு, கொலம்பஸ் போகிறவர்கள் இருட்டுவதற்குள் லூயிவில் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது, சனிக்கிழமை சாயங்காலம் லாரி அதிகம் என்று வழி சொல்லி அனுப்பினார்.